ஆட்டுக் குண்டிக்காயை நான்கு தகட்டில் அச்சிடுவது எப்படி: லெ பிளோன் வழியில் ஓர் உடற்கூறு வண்ண அச்சு

வீட்டு இங்க்ஜெட் பிரிண்டரில் நான்கு மை இருக்கும்: சியான், மெஜந்தா, மஞ்சள், கறுப்பு. ஏறக்குறைய இதே ஏற்பாட்டை, கேமராவும் கம்ப்யூட்டரும் இல்லாத 18-ஆம் நூற்றாண்டில், கண்ணை மட்டும் நம்பிச் செப்புத் தகட்டில் செய்திருக்கிறார்கள். பிராங்பர்ட்டில் 1667-இல் பிறந்த ஜாக் கிறிஸ்டோஃப் லெ பிளோன், ஒரு படத்தை நீலம், மஞ்சள், சிவப்பு என்று மூன்று தகடுகளாகப் பிரித்து, மூன்றையும் ஒரே தாளில் ஒன்றன்மேல் ஒன்றாக அழுத்தி முழு வண்ணம் வரவழைத்தார். 1719-இல் இங்கிலாந்து அரசர் முதலாம் ஜார்ஜிடம் அதற்கு உரிமமும் வாங்கினார். லண்டனில் இதை வைத்து ஆரம்பித்த கம்பெனி சில வருடத்திலேயே நொடித்துப்போனது. ஓவியங்களின் நகலை விற்பதுதான் அவருடைய முக்கியத் திட்டம். ஆனால் அந்த முறை உண்மையில் வேரூன்றியது உடற்கூறுப் படங்களில். அவரிடம் வேலை கற்ற யான் லாத்மிரால், லைடன் பல்கலைக்கழகத்து உடற்கூறு ஆசிரியர் அல்பினஸுக்காக 1736-லிருந்து 1741-க்குள் ஆறு வண்ண அச்சுகள் செய்தார். கொஞ்ச நாள் லெ பிளோனிடம் இருந்துவிட்டுப் பிரிந்துபோன ஜாக் ஃபாபியன் கோத்தியே தாகோத்தி பாரிஸில் இதையே பெரிய தொழிலாக்கினார்.

இந்த முறையில் ஒரு சின்ன உடற்கூறு அச்சை நீங்களே செய்ய வழி சொல்கிறேன். எட்சிங் பிரஸ் ஒன்று வேண்டும், அதாவது தகட்டையும் தாளையும் சேர்த்து ரோலருக்கு அடியில் விட்டு அழுத்தும் இயந்திரம். சொந்தமாக வாங்க வேண்டாம், பிரிண்ட்மேக்கிங் கற்றுத்தரும் ஓவியக் கல்லூரியிலோ ஸ்டூடியோவிலோ கேட்டுப் பார்க்கலாம், சென்னையில் இருப்பவர்களுக்கு கிரீம்ஸ் ரோடு லலித் கலா அகாடமி இருக்கிறது. மற்றதெல்லாம் ஹார்டுவேர் கடை, கறிக்கடை, ஆர்ட் மெட்டீரியல் கடையோடு முடிந்துவிடும்.

எதை வரைவது

பலரும் முதலில் தவறுகிற இடம் இதுதான் என்பதால் கொஞ்சம் நிதானமாகவே சொல்கிறேன். மெஸ்ஸோடின்ட் என்கிற இந்தத் தகட்டு முறையில் கோடு கிடையாது. தகடு முழுவதையும் சொரசொரப்பாக்கி, வெளிச்சம் வேண்டிய இடத்தை மழுக்கிக்கொண்டே வருகிறோம், சொரசொரப்பில் மை தங்கும், மழுங்கிய இடத்தில் தங்காது, அதனால் எல்லாமே மென்மையாக, ஒன்றில் ஒன்று கரைந்துதான் நிற்கும். சதை, தோல், ஈரமான உறுப்பு இவற்றுக்கு இதைவிடப் பொருத்தமான முறை இல்லை. ஆனால் எலும்பின் விளிம்பு, நரம்பு பிரியும் இடம், தசை எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதெல்லாம் இதில் மங்கிப்போகும். அல்பினஸே இதற்குச் சாட்சி. வண்ண அச்சில் இறங்கிப் பார்த்த அதே மனிதர், எலும்புக்கூட்டையும் தசைகளையும் காட்டும் தன் பெரிய நூலை 1747-இல் வெளியிட்டபோது யான் வாண்டலார் செதுக்கிய கறுப்பு வெள்ளைக் கோட்டுப் படங்களைத்தான் போட்டார். லாத்மிராலிடம் கொடுத்ததோ குடலின் இரத்தக் குழாய்கள், தோலின் அடுக்கு மாதிரியான விஷயங்கள், அதாவது நிறமே தகவலாக இருக்கும் இடங்கள்.

இன்னும் பின்னால் போனாலும் இதேதான். உடற்கூறு நூலில் வண்ணத்தில் அச்சான முதல் படங்கள் என்று சொல்லப்படுபவை 1627-இல் மிலானில் வந்த காஸ்பாரோ அசெல்லியின் நூலில் இருக்கின்றன. நாயின் குடலிலிருந்து போகும் பால்நிறக் குழாய்களைக் காட்ட, பல மரக்கட்டைகளைச் செதுக்கி வேறு வேறு மையில் அச்சிட்டார்கள். அங்கே நிறம் அலங்காரத்துக்கு வரவில்லை, இது இரத்தக் குழாய் இல்லை, வேறு குழாய் என்று காட்டத்தான் வந்தது.

எனவே நான் சொல்வது: கறிக்கடையில் ஓர் ஆட்டுக் குண்டிக்காய் வாங்குங்கள். சுற்றியிருக்கும் கொழுப்பையும் குழாய்களையும் வெட்டாமல் தரச்சொல்லுங்கள், இல்லாவிட்டால் கடைக்காரர் நல்லெண்ணத்தில் எல்லாவற்றையும் சுத்தம் செய்துவிடுவார். கூர்மையான கத்தியால் நீளவாக்கில் இரண்டாகப் பிளந்தால் வெளிப்புறம் அடர்ந்த செம்பழுப்பு, உள்ளே அதைவிட வெளிறிய பகுதி, நடுவில் வெண்மையான குழிவு, ஓரத்தில் வெள்ளைக் கொழுப்பு. எல்லையை நிறமே சொல்லிவிடுகிறது, நமக்கு வேண்டியதும் இதுதான். மனிதச் சிறுநீரகத்தில் உள்பகுதி பல கூம்புகளாகப் பிரிந்திருக்கும், ஆட்டுக்கு அவை ஒன்றாகச் சேர்ந்து ஒரே மேடாக இருக்கும். ஆகவே பாடப்புத்தகப் படத்தைப் பார்த்து இல்லாத கூம்புகளை வரைந்துவிடாதீர்கள், முன்னால் இருப்பதை வரையுங்கள்.

வெட்டிய பரப்பு காயக் காயக் கறுத்துவிடும். ஈரத்துணி போட்டு மூடி வைத்து, பகல் வெளிச்சத்தில், அன்று காலையிலேயே வண்ணப் பென்சிலில் ஒரு படம் வரைந்து போட்டோவும் எடுத்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, கடையில் வாங்கிய உறுப்பில் தமனியும் சிரையும் இரண்டுமே வெளிறிச் சுருங்கிக் கிடக்கும். சுவர் தடித்து வட்டமாக நிற்பது தமனி, தொய்ந்துபோய் மெல்லியதாக இருப்பது சிரை. அக்காலத்தில் ஆம்ஸ்டர்டாமின் உடற்கூறு வல்லுநர் ரைஷ் போன்றவர்கள் குழாய்க்குள் வண்ண மெழுகைச் செலுத்தி உப்பவைத்தார்கள், லாத்மிரால் வரைந்த குடலும் அப்படிப் பதப்படுத்தியதுதான். நமக்கு அவ்வளவு வேண்டாம். தமனிக்குச் சிவப்பு, சிரைக்கு நீலம் என்ற வழக்கத்தைப் பின்பற்றி, அது வழக்கம்தான் என்று கீழே எழுதிவிட்டால் போதும்.

நிறத்தைப் பிரிப்பது

உழைப்பு எல்லாம் இங்கேதான். பிளேட்டைத் தொடுவதற்கு முன்னால் ஒவ்வொரு இடத்திலும் எவ்வளவு மஞ்சள், எவ்வளவு சிவப்பு, எவ்வளவு நீலம் என்று முடிவு செய்தாக வேண்டும். மெழுகுப் பழுப்பு, தவிட்டு நிறம், ஈரல் நிறம் என்று நம் மனசில் இருப்பதெல்லாம் இங்கே உதவாது, மூன்று எண்களாக அது உடைய வேண்டும். லெ பிளோன் 1725 வாக்கில் லண்டனில் வெளியிட்ட சிறு நூலில் இந்த மூன்றையும் கொண்டு கண்ணுக்குத் தெரியும் எதையும் வரையலாம் என்கிறார், அதோடு ஒளியின் நிறங்கள் கலந்தால் வெள்ளை, சாயத்தின் நிறங்கள் கலந்தால் கறுப்பு என்பதையும் பிரித்துச் சொல்கிறார். நியூட்டனின் ஒளியியல் நூல் வந்து இருபது வருடம்கூட முழுசாக ஆகாத காலத்திலேயே இப்படி யோசித்து அச்சு வேலையில் இறக்கியிருந்தார் என்பது எனக்கு இன்றும் ஆச்சரியம்தான்.

முதலில் ஒரு மாதிரிப் பட்டை செய்யுங்கள். மூன்று சின்னப் பிளேட், ஒவ்வொன்றிலும் ஐந்து பட்டை: முழுசாகச் சொரசொரப்பானது ஐந்து, கொஞ்சம் மழுக்கியது நான்கு என்று குறைந்துகொண்டே போய் ஒன்று வரைக்கும். மஞ்சளைப் படுக்கையாகவும் அதன்மேல் சிவப்பை நிற்கும் வாக்கிலும் அச்சிட்டால் இருபத்தைந்து கட்டம் கிடைக்கும். அதே மாதிரி இன்னும் இரண்டு தாள் போட்டு, ஒன்றின்மேல் லேசாக நீலம், மற்றொன்றின்மேல் அடர்த்தியாக நீலம் ஏற்றுங்கள். காய்ந்தபின் இதைக் குண்டிக்காய்ப் படத்தின் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் உங்கள் மையில், உங்கள் தாளில், உங்கள் பிரஸ்ஸில் செம்பழுப்புக்கு என்ன எண் என்று அதுவே காட்டும். என் கணக்கில் வெளிப்பகுதி மஞ்சள் 3, சிவப்பு 5, நீலம் 2. உள்பகுதி மஞ்சள் 2, சிவப்பு 3, நீலம் சும்மா ஒரு சாயை. சிரை சிவப்பு 1, நீலம் 4. கொழுப்புக்கு மஞ்சள் 1 மட்டும், அதுவும் நிழல் பக்கத்தில்தான், மீதி வெறும் தாள். வெள்ளை மை என்று ஒன்று இந்த முறையில் கிடையாது, தாள்தான் வெள்ளை. உங்கள் எண்கள் நிச்சயம் வேறாக இருக்கும்.

போட்டோவை ஜிம்ப் மாதிரி ஒரு மென்பொருளில் போட்டு நிறங்களைத் தனித்தனியாகப் பிரித்துப் பார்க்கலாம்தான். நான் அதைக் கடைசியில் சரிபார்க்க மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்வேன். மென்பொருள் மேஜையின் நிழலையும் கத்தியின் பளபளப்பையும் சேர்த்தே பிரித்துத் தரும். உடற்கூறுப் படத்தில் எதைக் காட்டுவது, எதை விடுவது என்பது நம் வேலை.

நான்காவதாகக் கறுப்புத் தகடு வேண்டுமா என்று அந்தக் காலத்திலேயே பெரிய சண்டை. மூன்று நிறமும் சேர்ந்தாலே கறுப்பு வரவேண்டும், ஆனால் நடைமுறையில் வருவது ஒரு சேற்று நிறம். கோத்தியே கறுப்புத் தகட்டைச் சேர்த்து, இது லெ பிளோனுடைய முறையே இல்லை, என்னுடைய புதுக் கண்டுபிடிப்பு என்று வாதாடினார், போகிற போக்கில் நியூட்டனையும் எதிர்த்து எழுதினார். லெ பிளோனும் தேவைப்பட்ட இடத்தில் கூடுதல் தகடு போட்டிருக்கிறார் என்பதால் அந்த வாதம் எனக்கு ஒட்டவில்லை. சண்டை கிடக்கட்டும், கறுப்பு உதவும். குழிவின் ஆழம், குழாயின் அடி நிழல், வெளி விளிம்பின் ஒரு பக்கம் என்று மிகக் கொஞ்சமாக.

பிளேட் செய்வது

அசல் வழி செப்புத் தகடு. வளைந்த முனையில் நெருக்கமான பற்கள் கொண்ட ராக்கர் என்ற கருவியைத் தகட்டின்மேல் தொட்டில்போல ஆட்டி ஆட்டி, திசை மாற்றி மாற்றி, மை போட்டால் வெல்வெட் கறுப்பு வரும்வரை சொரசொரப்பாக்க வேண்டும். லுட்விக் ஃபான் சீகன் 1642-இல் மெஸ்ஸோடின்ட்டைத் தொடங்கி வைத்தார், பிற்பாடுதான் ராக்கர் வந்தது. ஒரு தகடுக்கே நாள்கணக்கில் கை வலிக்கும். படம் ஒன்றுக்கு மூன்று நான்கு தகடு, அதுவும் சில நூறு பிரதிக்குள் தேய்ந்துவிடும் என்றால் லெ பிளோனின் கம்பெனி ஏன் நொடித்தது என்று தனியாக விளக்கவேண்டியதில்லை.

நாம் ஒரு மில்லிமீட்டர் கனமுள்ள அக்ரிலிக் ஷீட்டில் செய்வோம். 10 × 15 சென்டிமீட்டர் போதும். நான்கு துண்டையும் கடையிலேயே ஒரே அளவாக வெட்டித் தரச்சொல்லி, வீட்டில் நான்கையும் சேர்த்துக் கட்டி ஓரங்களை ஒன்றாக அரம் போட்டுச் சரிவாக்குங்கள், அரை மில்லிமீட்டர் வித்தியாசம்கூடப் பின்னால் தலைவலி. அப்புறம் 80 நம்பர் உப்புத்தாளால் குண்டிக்காய் வரும் பகுதியை மட்டும் குறுக்கும் நெடுக்கும் சாய்வாகவும் நன்றாகத் தேயுங்கள். பின்னணி முழுவதையும் சொரசொரப்பாக்கிவிட்டு அதை வெள்ளையாக்கப் போராடுவது வீண் வேலை. உப்புத்தாளில் செப்பின் வெல்வெட் ஆழம் வராது, ஒரு படி வெளிறித்தான் நிற்கும். மூன்று நிறம் ஒன்றன்மேல் ஒன்று ஏறும்போது அந்தக் குறை பெரிதாகத் தெரியாது என்பதால்தான் இதைத் தைரியமாகச் சொல்கிறேன்.

அக்ரிலிக்கில் ஒரு வசதி, ஊடே தெரியும். வரைபடத்தை அடியில் வைத்து அப்படியே வேலை செய்யலாம். ஆனால் வரைபடத்தைக் கண்ணாடி பிம்பமாகத் திருப்பித்தான் வைக்க வேண்டும், அச்சில் இடம் வலம் மாறும். பூவோ மலையோ வரைபவருக்கு இது பெரிய விஷயமில்லை. உடற்கூறுப் படத்தில் இடது சிறுநீரகம் வலதாகிவிட்டால் படமே பொய். வரைபடத்தின் பின்பக்கத்தில் பெரிதாக 'திருப்பு' என்று எழுதி வைத்தால் நல்லது.

இனி ஒவ்வொரு பிளேட்டாக எடுத்து, அந்த நிறம் குறைய வேண்டிய இடங்களை மழுக்க வேண்டும். ஸ்கிரேப்பரால் சுரண்டி, 1000 நம்பர் தாளால் தேய்த்து, முழுசாக வெள்ளை வேண்டிய இடத்தில் மெட்டல் பாலிஷ் போட்டுக் கண்ணாடி மாதிரி ஆக்கிவிடுங்கள். தேய்த்து மழுக்கும் கருவியான பர்னிஷர் இல்லாவிட்டால் எவர்சில்வர் ஸ்பூனின் முதுகு, ஒரு சொட்டு எண்ணெய். சிவப்புப் பிளேட்டில் தொடங்கச் சொல்வேன், உறுப்பின் வடிவம் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. அதைச் சரியாக முடித்து ஓர் அச்சு எடுத்துப் பார்த்தபின் நீலம், கடைசியில் மஞ்சள். மஞ்சள் பிளேட்டில் நுணுக்கம் எதுவும் கண்ணுக்குத் தெரியாது, அகலமாக வேலை செய்தால் போதும்.

மையும் தாளும்

மை ஊடுருவித் தெரிய வேண்டும். கறுப்பு மார்க்கரில் ஒரு கோடு போட்டு அதன்மேல் மையை மெல்லியதாகத் தேயுங்கள், கோடு மங்கினால் அந்த மை ஆகாது, டிரான்ஸ்பரன்ட் பேஸ் என்ற நிறமில்லாத மையைக் கலந்து இளக்குங்கள். இந்த முறை 18-ஆம் நூற்றாண்டில் சாத்தியமானதில் பெர்லினில் அந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் தற்செயலாகக் கிடைத்த பிரஷ்யன் நீலத்துக்கு நல்ல பங்கு உண்டு. அடர்த்தியான, ஊடுருவித் தெரிகிற, விலை கட்டுப்படியான நீலம் அது. இன்றும் எட்சிங் மையில் அதே நீலம் கிடைக்கிறது. சிவப்புக்கு ஆரஞ்சுப் பக்கம் சாயாத குளிர்ந்த சிவப்பு, மஞ்சளுக்கு எலுமிச்சை மஞ்சள். யாராவது துத்தநாக அல்லது அலுமினியத் தகட்டில் செய்து பார்த்தால் மஞ்சள் பச்சையடித்துப் போகலாம், மைக்கும் உலோகத்துக்கும் ஒத்துக்கொள்வதில்லை. அக்ரிலிக்கில் அந்தத் தொல்லை இல்லை.

தாள் 250 ஜிஎஸ்எம் அல்லது அதற்கு மேல், பருத்தித் தாள். தண்ணீரில் ஊறவைத்து, ஒற்றுத்தாளுக்கு இடையில் வைத்து, மேலே ஈரம் மினுங்காத பதத்தில் எடுக்க வேண்டும்.

அச்சிடுவது

நான்கு நிறத்தையும் ஒரே மூச்சில் அச்சிடுங்கள். இடையில் தாளைக் காயவிட்டால் சுருங்கும், மறுபடி நனைத்தால் முன்னளவுக்கு விரியாது, நிறம் நகர்ந்து நிற்கும். பிரஸ் படுகையில் பிளேட்டின் அளவைக் கோடு போட்ட ஒரு பிளாஸ்டிக் ஷீட்டை ஒட்டிக்கொள்ளுங்கள். தாளைப் பிளேட்டைவிட ஒரு பக்கம் நன்றாக நீளமாக எடுத்து, முதல் அச்சு ஓடிய பிறகு அந்த வால் பகுதியை ரோலருக்கு அடியிலேயே பிடித்து நிறுத்தி, மீதித் தாளை ரோலர்மேல் மடித்துப் போட்டுவிட்டு, பழைய பிளேட்டை எடுத்து அதே கோட்டுக்குள் புதுப் பிளேட்டை வைக்க வேண்டும். இதற்கு முன்பே நான்கு பிளேட்டுக்கும் மை பூசித் துடைத்துத் தயாராக இருக்க வேண்டும், அதனால் கூட ஓர் ஆள் இருந்தால் நல்லது.

வரிசை: மஞ்சள், சிவப்பு, நீலம், கறுப்பு. காயாத மை அடுத்த பிளேட்டில் கொஞ்சம் ஒட்டத்தான் செய்யும். சிவப்புப் பிளேட்டில் மஞ்சள் ஒட்டினால் கெடுதல் இல்லை, மஞ்சள் பிளேட்டில் நீலம் ஒட்டினால் அன்றைய மஞ்சள் போச்சு.

துடைப்பதில் கை பழக வேண்டும். கஞ்சி போட்ட வலைத்துணியால் சுற்றிச் சுற்றித் துடைத்து, கடைசியில் டெலிபோன் டைரக்டரி மாதிரியான மெல்லிய தாளைத் தட்டையாக வைத்து ஒரே திசையில் இழுங்கள். அழுத்தித் துடைத்தால் 2, 3 என்று கஷ்டப்பட்டுச் செய்த படிகள் எல்லாம் ஒன்றாகிவிடும். மஞ்சள் போதுமா என்று கண்ணுக்குத் தெரியாது, பிளேட்டை வெள்ளைத் தாளின்மேல் தூக்கிப் பிடித்துப் பாருங்கள்.

முதல் அச்சு பெரும்பாலும் காவி அடித்தது மாதிரி வரும், பயப்பட வேண்டாம். மொத்தமாகச் சூடாகத் தெரிந்தால் மஞ்சள் பிளேட்டை இன்னும் மழுக்குங்கள். உறுப்பு செத்துப்போனதுபோல் சாம்பலாகத் தெரிந்தால் குற்றவாளி நீலம், அதைத்தான் குறைக்க வேண்டும், சிவப்பைக் கூட்டிப் பிரயோஜனமில்லை. ஒரு விளிம்பில் மட்டும் நீலக் கோடு தெரிந்தால் பிளேட் நகர்ந்திருக்கிறது. நான்கு பக்கமும் தெரிந்தால் நீலப் பிளேட்டில் உறுப்பையே பெரிதாக விட்டிருக்கிறீர்கள்.

ஒப்பிட்டுப் பார்க்க, கோத்தியேயின் அச்சுகள் லண்டன் வெல்கம் கலெக்‌ஷன் தளத்தில் பெரிய அளவில் கிடைக்கின்றன. 1746-இல் டுவெர்னே என்ற உடற்கூறு செய்முறையாளரோடு சேர்ந்து அவர் வெளியிட்ட தசைத் தொகுப்பில் 14-ஆம் படம் எல்லோருக்கும் தெரிந்தது: முதுகுத் தோலை இரு பக்கமும் இறக்கைபோல் விரித்துக் காட்டி, தலையைத் திருப்பிப் பார்க்கும் பெண். உரித்த தேவதை என்ற பெயர் பின்னாளில் வந்தது. நெருக்கிப் பாருங்கள், இன்றைய ஆஃப்செட் அச்சின் ஒழுங்கான புள்ளிகள் இருக்காது, ராக்கர் விட்ட குறுக்குநெடுக்குத் தடங்கள்தான். படமாக அது அபாரம், ஆனால் எந்தத் தசை எங்கே ஒட்டுகிறது என்று அதை வைத்துக் கற்க முடியுமா என்றால், கஷ்டம்தான். கோத்தியேயின் படங்கள்மேல் மருத்துவர்கள் வைத்த குறையும் இதுவே. எண்ணெய் ஓவியம்போல் இருக்கட்டும் என்று அவர் அச்சுக்கு மேல் வார்னிஷும் பூசினார். அதை நீங்கள் செய்ய வேண்டாம், வார்னிஷ் வயதாக ஆக மஞ்சளாகும், எண்ணிப் பிரித்த நிறமெல்லாம் கெடும்.

குறியெழுத்துகளை வண்ணப் படத்துக்குள் கொண்டுவராதீர்கள், அடர்ந்த சிவப்பின்மேல் எழுத்து படிக்கவே வராது. அல்பினஸ் செய்தபடி, அதே அளவில் வெறும் கோட்டுப் படம் ஒன்றைத் தனித் தாளில் போட்டு, க, ங, ச என்று குறித்து, கீழே உறுப்புப் பெயர்களை எழுதிவிடுங்கள். வண்ண அச்சை ஒற்றுத்தாள், மரப்பலகை, மேலே கனமான புத்தகங்கள் என்று வைத்து, ஒற்றுத்தாளைத் தினமும் மாற்றிக்கொண்டு, ஒரு வாரம் காயவிடுங்கள். பிளேட்டுகளைச் சமையல் எண்ணெயால் துடைத்து, பிறகு சோப்புத் தண்ணீர். தின்னர் அக்ரிலிக்கைக் கரைத்துவிடும், கிட்டவே கொண்டுவர வேண்டாம்.